தீவுக்குப் போக மூன்று வழி

“ஆகாயத்துல போனா விழுந்துடும், கடல்ல போனா முங்கிடும். அப்ப தீவுக்கு நடந்தா போறது?”

“நடந்து போகணும்னு யாருடி சொன்னா? கப்பல்ல போலாம்னு ஆறு மாசமா சொல்லிட்டிருக்கேன்.”

“அந்தக் கப்பலைத்தான் நாலு நாள் தள்ளிப் போட்டுட்டானே. என் லீவையும் தள்ளிப் போடச் சொல்லி ஹெட்மாஸ்டர்கிட்ட நீங்க வந்து பேசறீங்களா?”

“பேசறேன். அதுக்கென்ன இப்ப?”

“பேசுவீங்க. அவர் வீட்டுக் குழாயைப் பிடுங்கிப் போட்டுட்டு ஒரு வாரம் போகாம இருந்தீங்களே, அந்த மனுஷன் இன்னும் மறக்கல.”

நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன் தம்பி. ஒட்டுக்கேட்டேன் என்று எழுதிக்கொள்ள வேண்டாம். எங்கள் கட்டிடத்தில் எல்லா வீட்டு பாத்ரூம் ஜன்னலும் குழாய்கள் இறங்குகிற ஒரே இடுக்கைப் பார்த்துத்தான் திறக்கும். டக்ட் என்பார்கள். மூன்றாவது மாடிக்காரர் பல் விளக்கிக் கொப்பளிப்பதை வைத்தே, அவருக்கு இன்று ஆபீஸ் உண்டா லீவா என்று தரைத்தளத்தில் இருக்கிற நான் சொல்லிவிடுவேன்.

எனக்கு நேர் மேலே, முதல் மாடியில், அவர்கள் மூன்று பேர். டீச்சர், பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவள். அவள் புருஷன் குழாய்க்காரர். குழாய்க்காரரின் தங்கை மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். முப்பத்தாறு வயதாகியும் கல்யாணம் கூடி வராதவள். நாத்தனார் என்று நான் சொன்னால் அவளைத்தான். மூன்று பேருக்கு இரண்டு அறை, ஒரு பாத்ரூம். காலையில் அந்த பாத்ரூம் கதவுக்கு முன்னால் நடப்பதை டிக்கெட் போட்டுக் காட்டலாம்.

அந்தப் புதன்கிழமை சாயங்காலச் சண்டை தீவைப் பற்றியது. டீச்சர் இருபத்திரண்டு வருடமாகச் சுவர்ப் படத்தில் குச்சியை வைத்து அந்தத் தீவைக் காட்டிக்கொண்டிருந்தாள். இங்கே பவளப்பாறை, இங்கே தென்னை, இங்கே வருடம் முழுக்க ஒரே மாதிரி வெயில், ஒரே மாதிரி மழை. நேரில் ஒரு கடலையும் பார்த்தவள் இல்லை. அவள் சமையலறையில் நாலு வருடத்துக்கு முந்தைய காலண்டர் ஒன்று தொங்கும். டிசம்பர் தாளில் அந்தத் தீவின் படம். அதைக் கிழிக்க மனசு வராததால் அந்த வீட்டில் நாலு வருடமாக டிசம்பர்தான்.

குழாய்க்காரர் வேறு ரகம். “வாழ்நாள் பூரா ஒழுகற தண்ணியை அடைச்சிட்டுக் கிடக்கேன். லீவு விட்டா தண்ணிக்கு நடுவுலயே போய் உக்காரணுமா?” என்று கேட்பார். விமானத்தில் ஏறவே மாட்டேன் என்றவர், கப்பலென்றால் வருகிறேன் என்று ஒருவழியாக இறங்கி வந்திருந்தார். அந்தக் கப்பல்தான் இப்போது நாலு நாள் தள்ளிப் போயிருந்தது. பள்ளிக்கூட லீவு தள்ளிப் போகவில்லை.

கையைத் துடைத்துக்கொண்டு மேலே போனேன்.

“வாங்கக்கா. விஷயம் காதுல விழுந்திருக்குமே,” என்றார் குழாய்க்காரர்.

“என்ன விஷயம்?” என்றேன். மரியாதைக்கு அப்படித்தான் கேட்க வேண்டும்.

டீச்சர் தரையில் உட்கார்ந்து, இடது காலைத் தலையணைமேல் தூக்கி வைத்திருந்தாள். பத்து நாளாகக் கெண்டைக்கால் வீங்கியிருந்தது. திங்கள்கிழமை கிளினிக்கில் ஸ்கேன் எடுத்துவிட்டு வந்திருந்தாள். காலைச் சுற்றிலும் கப்பல் அட்டவணை, விமான அட்டவணை, தீவின் படங்கள்.

“நீங்களே நியாயத்தைச் சொல்லுங்கக்கா. ரெண்டு மணி நேரத்துல போற இடத்துக்கு இவருக்காக ரெண்டு நாள் கப்பல்ல வரேன்னேன். இப்ப அதுவும் இல்லை. எனக்காக ஒரு ரெண்டு மணி நேரம் பிளேன்ல கண்ணை மூடிட்டு உக்காரக் கூடாதா?”

“கண்ணை மூடினா பிளேன் கீழ வந்துடுமா?”

“நீங்க வாயை மூடினாப் போதும்.”

“அண்ணி,” என்று சமையலறையிலிருந்து நாத்தனார் குரல் கொடுத்தாள். “அண்ணனுக்கு மயக்க ஊசி போட்டு லக்கேஜோட ஏத்திடலாம். கழுத்துல விலாசம் எழுதிக் கட்டினாப் போதும், பத்திரமாப் போய்ச் சேர்ந்துடுவார்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு, “மூணாவதா ஒரு வழி இருக்கு,” என்றேன்.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். பஸ் நிலையத்தில் விசாரணைக் கவுன்ட்டரில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்தவள் நான். எந்த ஊருக்கு எந்த பஸ், எங்கே இறங்கி எங்கே மாற வேண்டும் என்று எதையும் பார்க்காமல் சொல்வேன். இப்போதும் இந்தக் கட்டிடத்தில் யாரும் என்னைக் கேட்காமல் பையில் துணி வைப்பதில்லை.

“மத்தியானம் ரெண்டு மணி பஸ். மாறாம, இறங்காம, காலையில ஆறுக்கு, தீவுக்குக் கிட்ட இருக்கற துறைமுகம். ஏழு மணிக்கு வேகப் படகு. நாலரை மணி நேரம். கடல் எப்படி இருக்குன்னு பார்க்கறதுக்குள்ள கரை வந்துடும். ஆகாயமும் இல்லை, ரெண்டு நாள் தண்ணியும் இல்லை. லீவுக்கும் சரியா இருக்கும்.”

“பஸ்ல பதினாறு மணி நேரமா?” என்றாள் டீச்சர்.

“தூங்கினா ஒண்ணும் தெரியாது டீச்சர். என்கிட்ட வாந்தி வராம இருக்கற மாத்திரை இருக்கு. பஸ்ல ஏறினதும் ஒண்ணு, படகுல ஒண்ணு. நல்லாத் தூக்கம் வரும். ஜன்னலோரமா உக்காருங்க. போறவங்க வர்றவங்க இடிக்க மாட்டாங்க, நடுவுல எழுந்திருக்கவே வேண்டாம். தண்ணி மட்டும் கம்மியாக் குடிங்க. அந்த வழியில பஸ் நிக்கற இடத்துல பாத்ரூம் உள்ள பொம்பளைங்க கால் வைக்க முடியாது.”

“இவ கால் இப்படி இருக்கே?” என்றார் குழாய்க்காரர்.

“வலிச்சா நீங்கதான் நல்லா அமுக்கி விடணும்.”

“அதுக்குத்தானே கட்டிக்கிட்டு வந்திருக்கா என்னை.”

அப்போதுதான் டீச்சருக்கு ஞாபகம் வந்தது. “அக்கா, கிளினிக்லேருந்து போன் ஏதாவது வந்துச்சா? உங்க நம்பர்தான் கொடுத்திருந்தேன்.”

“காலையில வந்துச்சே. சொல்ல மறந்துட்டேன் பாருங்க. ஒண்ணுமில்லையாம். நின்னு நின்னு வந்த வீக்கமாம்.”

“நான் சொன்னேன்ல,” என்று புருஷனைப் பார்த்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீங்க மட்டும் இல்லைன்னா நாங்க இங்கயே அடிச்சிட்டுக் கிடந்திருப்போம்.”

இவ்வளவுதான் அன்றைக்கு நடந்தது. ஒரு வீட்டுச் சண்டையைத் தீர்த்து வைத்தேன். அந்தப் பயணத்தில் டீச்சர் செத்துப்போனாள் என்பது உங்கள் கையிலிருக்கிற புகார்த் தாளிலேயே இருக்கும். அதனால் அதை ஒளித்து வைத்துக் கடைசியில் சொல்கிற வேலை எனக்கில்லை.

அந்த போனைப் பற்றிக் கேட்கிறீர்கள். சொல்கிறேன். அதற்கு முன்னால் என் நம்பர் எப்படி அங்கே போனது என்று சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

என்னை இந்தக் கட்டிடத்தில் ரேடியோ என்பார்கள். முகத்துக்கு நேரே அக்கா, முதுகுக்குப் பின்னால் ரேடியோ. எனக்கு அதில் வருத்தமில்லை. இரண்டாவது மாடிப் பையனுக்கு வேலை கிடைத்தது அவன் அப்பாவுக்கே என் மூலமாகத்தான் தெரியும். எதிர் பிளாக்கில் புருஷன் பெண்டாட்டி பேசாமல் இருந்த பதினொரு நாளும் அவர்களுக்கு நடுவே சேதி கொண்டுபோனவள் நான்தான். இங்கே எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். டீச்சர் மாதிரி ஆட்கள் கைபேசியை ஆபீஸ் அலமாரியில் பூட்டிவிட்டு வகுப்புக்குப் போக வேண்டும், சாயங்காலம்தான் கையில் கிடைக்கும். அதனால் எந்தப் படிவத்தில் ‘அவசரத்துக்குத் தொடர்பு கொள்ள’ என்று ஒரு கோடு இருந்தாலும் அதில் என் வீட்டு நம்பரை எழுதிவிடுவார்கள். பார்சல்காரன், பள்ளிக்கூடம், கிளினிக், பெண் பார்க்க வருகிறவர்கள், எல்லாம் எனக்குத்தான் அடிக்கும்.

நான் ரொம்ப நம்பிக்கையான ஆள் என்பதால் அவர்கள் என் நம்பரைக் கொடுக்கவில்லை. “ரேடியோகிட்ட சொன்னா பால் பொங்கறதுக்குள்ள நம்ம காதுக்கு வந்துடும்,” என்று டீச்சரே சொல்லி நான் கேட்டிருக்கிறேன். என்னிடம் எதுவும் தங்காது. அதுதான் அவர்கள் என்மேல் வைத்திருந்த நம்பிக்கை.

டீச்சர் என்னைத் தீவுக்கு அழைத்தது அந்தப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்னால். கப்பலில் மூன்று படுக்கை உள்ள அறை இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னதே நான்தான். நாத்தனாருக்கு லீவு கிடைக்காது என்று அப்போது பேச்சு. “ஒரு படுக்கை சும்மாதானே கிடக்கப்போகுது. நீங்களும் வாங்கக்கா,” என்றாள். நான் மறுத்தேன். மறுபடி அழைத்தாள். மறுபடி மறுக்கவில்லை.

இருபத்தாறு வருடம் மற்றவர்களுக்கு வழி சொல்லியிருக்கிறேன் தம்பி. எட்டாம் நம்பரில் ஏறுங்கள், கடைசி நிறுத்தத்தில் இறங்குங்கள், அங்கே மாறுங்கள். அந்தக் கவுன்ட்டர் கண்ணாடியில் ஒரு ஓட்டை இருக்கும், உள்ளங்கை அளவுக்கு. அதன் வழியாக ஊர் ஊராக ஆட்களை அனுப்பியிருக்கிறேன். நான் எங்கேயும் போனதில்லை.

ஒரு தொப்பி வாங்கினேன். அகல விளிம்பு, நீல ரிப்பன். மணலில் நடக்க ரப்பர் செருப்பு. பால்காரரிடம் பத்து நாள் பால் வேண்டாம் என்று சொல்லி வைத்தேன். மருந்துக்கடைக்காரர், இஸ்திரிக்காரர், என் பழைய கவுன்ட்டரில் இப்போது உட்காருகிற பெண், இந்தக் கட்டிடத்தில் இருக்கிற எல்லோரும், எதிர் பிளாக்கில் பாதிப் பேர், எல்லோரிடமும் தீவுக்குப் போகிறேன் என்று சொல்லியாயிற்று. ரேடியோ என்றால் சும்மாவா.

புறப்பட மூன்று வாரம் இருந்தது. நான் குளித்துக்கொண்டிருந்தேன். மேலே நாத்தனாரின் குரல் கேட்டது.

“எனக்கு லீவு கிடைச்சிருச்சு அண்ணி.”

“அடடா. அப்ப ரேடியோவை என்ன பண்றது?”

“பேட்டரியைக் கழட்டி வெச்சிட்டுப் போக வேண்டியதுதான்,” என்றார் குழாய்க்காரர்.

“அதுவும் நல்லதுக்குத்தான். ரேடியோவைக் கூட்டிட்டுப் போனா கடல் சத்தத்தை எப்படிக் கேக்கறது?” என்றாள் டீச்சர்.

மூன்று பேரும் சிரித்தார்கள். அவள்தான் அதிக நேரம் சிரித்தாள். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, யாரோ அவளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்த சத்தம்கூடக் கேட்டது. டக்ட் இருப்பது சண்டை போடும்போது அவர்களுக்கு ஞாபகம் இருக்கும். சிரிக்கும்போது மறந்துவிடும்.

நான் குளித்து முடித்தேன். அடுத்த நாள் டீச்சர் ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடு கீழே வந்தாள். “உங்க முட்டிவலிக்குக் கப்பல் படியெல்லாம் ஒத்துக்காதுக்கா. நானே யோசிச்சுப் பார்த்தேன். உங்களுக்கு ஒரு பெரிய சங்கு வாங்கிட்டு வரேன்.”

“அதனாலென்ன டீச்சர்,” என்றேன். “வாய் அகலமாப் பார்த்து வாங்குங்க.”

அதன்பிறகு, போகிறேன் என்று யார் யாரிடம் சொன்னேனோ அவர்களிடமெல்லாம் போகவில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. நாற்பத்தோரு பேர். ஒவ்வொருவரும் ஏன் என்று கேட்டார்கள். முட்டிவலி என்றேன். நாற்பத்தோரு பேரும் என் முட்டியைப் பார்த்தார்கள். பால்காரர் மட்டும் முட்டியைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தார். அன்றிலிருந்து அவரிடம் பால் வாங்குவதை நிறுத்திவிட்டேன்.

இதையெல்லாம் மனசில் வைத்துக்கொள்கிற ஆள் நான் இல்லை.

இனி அந்த போன். அதே புதன்கிழமை, காலை பதினொன்று பத்து. டீச்சர் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாள். நல்ல பொறுப்பான பெண் குரல். கிளினிக்கிலிருந்து பேசுவதாகச் சொன்னாள். என் போன் பக்கத்தில் எப்போதும் ஒரு தாளும் பென்சிலும் இருக்கும். கவுன்ட்டர் பழக்கம். எழுதிக்கொண்டேன். காலில் ரத்தம் உறைந்து கட்டியாக நிற்கிறது, இன்றைக்கே வர வேண்டும். ரொம்ப நேரம் ஒரே இடத்தில் உட்காரக் கூடாது, பயணம் கூடவே கூடாது. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். காலை அமுக்கவோ தேய்க்கவோ கூடாது, கட்டி நகர்ந்து நெஞ்சுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து.

“திருப்பிச் சொல்லுங்கம்மா,” என்றாள். திருப்பிச் சொன்னேன். ஒரு வார்த்தை தவறவில்லை.

“ரொம்பத் தெளிவா எழுதிக்கிட்டீங்கம்மா. சில பேர்கிட்ட சொல்றதுக்குள்ள உயிர் போயிடும். யார்கிட்ட சொன்னேன்னு போட்டுக்கட்டும்?”

“கீழ்வீட்டு அக்கான்னு போட்டுக்க.”

போனை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன். பள்ளிக்கூடம் இரண்டு தெரு தள்ளி. இந்த முட்டியோடு நடந்தாலும் பத்து நிமிடம். செருப்பில் ஒரு கால் நுழைத்தும்விட்டேன். எதிரே இஸ்திரிக்காரர், “என்னக்கா அவசரமா?” என்று கேட்டார்.

“ஒண்ணுமில்லை,” என்றேன்.

என் வாழ்க்கையில் அந்தக் கேள்விக்கு நான் அந்தப் பதிலைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவரே ஆச்சரியப்பட்டிருப்பார்.

ஏன் என்று கேட்கிறீர்கள். அவளுடைய இருபத்திரண்டு வருட ஆசை அது. நான் போய்ச் சொன்னால் அந்த நிமிடமே எல்லாம் நின்றுபோகும். அவள் அழுவாள். அவள் சந்தோஷத்தைக் கெடுக்க நான் யார் என்று தோன்றியது. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். சாயங்காலம் பக்குவமாகச் சொல்லலாம் என்று துணியை ஊறப்போட்டேன். சாயங்காலம் சண்டை வந்துவிட்டது.

நான் மேலே போனபோது அந்தத் தாள் என் மடியில்தான் இருந்தது. அதில் இருந்ததையும் நான் மேலே போய்ச் சொன்னதையும் நீங்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறீர்கள். உட்காரக் கூடாது, நான் பதினாறு மணி நேர பஸ் சொன்னேன். தண்ணீர் நிறைய, நான் கம்மியாக என்றேன். அமுக்கக் கூடாது, நான் அமுக்கச் சொன்னேன். ஒன்றைத் திருப்பிப் போட்டால் மற்றது வருகிறது என்கிறீர்கள். சரிதான். பிறகு நானும் கவனித்தேன். ஜன்னலோரமும் மாத்திரையும் கிளினிக் பெண் சொல்லாதது. அவை என்னுடையவை.

சனிக்கிழமை நானே பஸ் நிலையம்வரை போனேன். என் பழைய கவுன்ட்டர் பெண்ணிடம் சொல்லி, நடுவில் நல்ல சீட்டாக, ஜன்னலோரமாக வாங்கிக் கொடுத்தேன். டீச்சருக்கு இடது கால் செருப்புக்குள் நுழையவில்லை. பின்வாரை மடக்கிப் போட்டிருந்தாள். என் தொப்பியைக் கொண்டுபோயிருந்தேன்.

“இதை நீங்க போட்டுக்கங்க டீச்சர். இங்க எனக்கு எதுக்கு?”

தலையில் வைத்துப் பார்த்தாள். பொருந்தியது. கண் கலங்கிவிட்டாள். “உங்களையும் கூட்டிட்டுப் போயிருக்கலாம்க்கா. நான்தான் தப்புப் பண்ணிட்டேன்,” என்றாள்.

பஸ் புறப்பட இன்னும் எட்டு நிமிடம் இருந்தது. ஓட்டுநர் டீ குடித்துக்கொண்டிருந்தார். குழாய்க்காரர் மேலே பைகளைக் கட்டிக்கொண்டிருந்தார். தாள் அப்போதும் மடியில் இருந்தது. எட்டு நிமிடத்தில் அதை எட்டு தடவை படிக்கலாம். நான் மாத்திரைகளைக் கொடுத்தேன். அவள் என் எதிரிலேயே ஒன்றைப் போட்டுக்கொண்டு, நான் சொன்னபடி ஒரே ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள்.

அதன்பிறகு கையை ஆட்டினேன். பஸ் திரும்புகிறவரைக்கும் அவளும் ஆட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் வந்தது. என் நம்பருக்குத்தான். படகுக்காரர்களிடமும் அவசரத்துக்கு அதைத்தானே கொடுத்திருந்தார்கள். குழாய்க்காரர் பேசினார். வழியெல்லாம் நன்றாகத் தூங்கினாளாம். துறைமுகத்தில் கால் வலிக்கிறது என்றதும், நான் சொன்னதை ஞாபகம் வைத்து, படகில் வரும்போது கெண்டைக்காலை நன்றாக அமுக்கி விட்டாராம். தீவில் இறங்கி இருபது அடி நடந்திருக்கிறாள். தென்னைகளைப் பார்த்துவிட்டு, “படத்துல இன்னும் பச்சையா இருந்துச்சே,” என்றாளாம். பிறகு மூச்சு வாங்குகிறது என்று பெட்டிமேல் உட்கார்ந்தாளாம். டிக்கெட் கிழிக்கிற ஆள் ஓடிப்போய் ஒரு நாற்காலி கொண்டுவந்தாராம். நாற்காலி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

“அக்கா, இருக்கீங்களா?” என்று குழாய்க்காரர் கேட்டுக்கொண்டே இருந்தார். இருந்தேன். அந்தச் சேதியை மட்டும் நான் தாமதப்படுத்தவில்லை. பத்து நிமிடத்தில் கட்டிடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. எல்லோரும் என் வீட்டில்தான் வந்து உட்கார்ந்து அழுதார்கள். நாற்பத்தோரு பேரில் முக்கால்வாசிப் பேர் வந்தார்கள். ஒருவர்கூட என் முட்டியைப் பார்க்கவில்லை.

அவளை அந்தத் தீவிலேயே அடக்கம் செய்தார்கள். ஒரு மாதம் கழித்து குழாய்க்காரரும் நாத்தனாரும் திரும்பி வந்தார்கள். மேலே பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அவர் அழுவது எனக்குக் கேட்கும். தண்ணீர்ச் சத்தத்தில் வெளியே தெரியாது என்று நினைத்திருப்பார். இத்தனை வருடம் குழாய் வேலை பார்த்தவர்.

“ஒண்ணுமில்லைன்னு எப்படிக்கா சொன்னாங்க? அங்க டாக்டர் பார்த்த உடனே கட்டின்னு சொல்லிட்டாரே. ஸ்கேன்ல அது தெரியாமலா போச்சு?” என்று கேட்டார்.

“அந்தப் பொண்ணு சொன்னதைத்தானே நான் சொன்னேன்,” என்றேன். “வேற யாருக்கோ சொல்ல வேண்டியதை மாத்திச் சொல்லிடுச்சோ என்னவோ.”

அவர் கிளினிக்மேல் புகார் எழுதினார். நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். கிளினிக் பெண், தான் சரியாகத்தான் சொன்னேன் என்று அழுதாளாம். ஆனால் கட்டிடம், எதிர் பிளாக், மருந்துக்கடை, பஸ் நிலையம் எல்லா இடத்திலும் அவள் மாற்றிச் சொன்னதுதான் தெரியும். யார் மூலமாகத் தெரியும் என்று நீங்கள் கேட்க வேண்டியதில்லை. அவளை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அவளுக்கு நிச்சயமாகியிருந்த இடமும் கலைந்தது என்று கேள்விப்பட்டேன். அதில் எனக்கு வருத்தம்தான். நல்ல தெளிவான குரல்.

கிளினிக்கில் பேசுவதெல்லாம் பதிவாகும் என்று எனக்குத் தெரியாது. பழையதெல்லாம் அழிந்துவிட்டது என்று சொன்னவர்களிடம் எட்டு மாதம் நடந்து அந்தப் பெண் அதை எடுத்துவிட்டாளாமே. நீங்கள் அதைப் போட்டுக் காட்டினீர்கள். என் குரல் நன்றாகத்தான் இருந்தது. கவுன்ட்டரில் இருந்தபோது இருந்த அதே குரல். எட்டாம் நம்பர், கடைசி நிறுத்தம், அங்கே மாறுங்கள்.

ஆமாம் தம்பி. தெரிந்துதான் அனுப்பினேன். உட்கார்ந்து போனால் சாவாள் என்று தெரிந்து, உட்கார்ந்து போகிற வழியைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். கட்டியைப் பிடித்து நகர்த்துகிற வேலையை அவள் புருஷன் கைக்கே கொடுத்தேன். இது அவருக்குத் தெரிய வேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். நீங்கள் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால், மெதுவாகச் சொல்லுங்கள். அவருக்கு நெஞ்சு அவ்வளவு பலமில்லை.

அவர் இப்போது இங்கே இல்லை என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். நாத்தனாருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. டீச்சருக்கு நாற்காலி கொண்டுவந்த அந்த டிக்கெட்காரரைத்தான் கட்டிக்கொண்டாள். அவளுக்கு அந்தத் தீவில்தான் மாப்பிள்ளை என்று யார் கண்டது. டீச்சர் போகாமல் இருந்திருந்தால் இது நடந்திருக்குமா என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். குழாய்க்காரரும் மூட்டை கட்டிக்கொண்டு அங்கேயே போய்விட்டார். விடுதிகளில் உப்புத் தண்ணீரில் குழாயெல்லாம் அரித்துப் போகிறதாம், கைநிறைய வேலையாம். மேல்வீட்டுக்குப் புதிதாக ஒரு இளம் ஜோடி வந்திருக்கிறது. இரண்டு பேரும் கைபேசியைக் கையைவிட்டு இறக்குவதில்லை. என் நம்பரைக் கேட்கவுமில்லை. கிளினிக் பெண் வேறு ஊரில் மருந்துக்கடை ஒன்றில் இருக்கிறாள் என்று சொன்னீர்கள். கல்யாணம் ஆயிற்றா? உங்களுக்கு ஆகிவிட்டதா? சும்மா கேட்டேன்.

போன மாதம் குழாய்க்காரர் ஒரு அட்டை அனுப்பியிருந்தார். காலண்டரில் இருந்த அதே படம். ‘அக்கா, அவ புறப்படறப்ப நீங்கதான் எல்லாம் பார்த்துப் பார்த்துச் செஞ்சீங்க. ஒரு தடவை வந்து அவளைப் பார்த்துட்டுப் போங்க’ என்று எழுதியிருக்கிறார். கூப்பிட்ட இடத்துக்குப் போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது. கப்பல் பத்து நாளைக்கு ஒருமுறைதான். அடுத்தது வரும் வெள்ளிக்கிழமை. அதற்குள் நீங்கள் இதையெல்லாம் எழுதி முடித்துவிடுவீர்களா?

கப்பலில்தான் போவேன். அத்தனை நேரம் உட்கார்ந்தபடி பஸ்ஸில் போவது காலுக்கு நல்லதில்லை. கப்பலென்றால் நடுநடுவே எழுந்து நடக்கலாம், தண்ணீர் நிறையக் குடிக்கலாம். ரப்பர் செருப்பு இன்னும் புதிதாகவே இருக்கிறது. தொப்பி ஒன்றுதான் வாங்க வேண்டும். பழையதை டீச்சர் திருப்பித் தரவில்லை.